குன்னூர்ச் செடிகளும் அரியலூர்த் தண்ணீரும்

தோட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் இரண்டு பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தீர்கள். நம் ஆலைக் குடியிருப்பின் மூன்றாம் தெருவில் குரோட்டன்ஸ் செடிகளின் இலை ஓரம் கருகுகிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டீர்கள். நான் மருந்தின் பேர் எதையும் சொல்லவில்லை. "எந்தத் தண்ணி ஊத்துறீங்க?" என்று மட்டும் கேட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். நீங்கள் கிளம்பிப் போன பிறகு, பிள்ளைகளிடம் கொஞ்சம் வெடுக்கென்று பேசிவிட்டோமோ என்று எனக்கு உறுத்தியது. ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அதை இப்போது எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் படிக்க வேண்டும்.

குழி எவ்வளவு ஆழம், எரு எவ்வளவு, கவாத்து எந்த மாதம் என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்கள் படிப்பிலேயே இருக்கிறது. உங்களில் சிலர் தோட்டக்கலையில் பட்டயம் வாங்கியவர்கள். நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆனால் ஒரு செடி கண் முன்னால் செத்துக்கொண்டிருக்கும்போது, அதற்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று "ஏன்?" என்று கேட்கும்போது, என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் படிப்பிலும் இல்லை. அது எனக்கு ஆறு கமேலியாச் செடிகளால் தெரிய வந்தது.

என் ஊர் ஆண்டிமடத்துக்குப் பக்கம். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்தவர்கள். எங்களுக்கென்று ஒரு முந்திரி மரம்கூடக் கிடையாது. கல்யாணமாகி அரியலூருக்கு வந்த நான், சிமென்ட் ஆலைக் குடியிருப்பில் கான்ட்ராக்ட் ஆளாகக் களை பறிக்கச் சேர்ந்தேன். பதினாலு வருஷம் கான்ட்ராக்ட் ஆளாகவே இருந்தேன். அந்த வருஷம் எங்களில் சிலரை நிரந்தரம் ஆக்கப் போவதாகப் பேச்சு இருந்தது. அந்தச் சமயத்தில்தான் புது ஜெனரல் மேனேஜர் வந்தார். அவர் மனைவி ஹேமா மேடம் குன்னூர்க்காரர்.

அவர்கள் சாமான் வந்த லாரியில் கடைசியாக ஆறு செடிகள் இறங்கின. வேரோடு மண் கட்டி, சாக்கில் சுற்றி, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தன. இலை கரும்பச்சை, எண்ணெய் தடவியது போல ஒரு பளபளப்பு. கிளை நுனி முழுக்க உருண்டை உருண்டையாக மொட்டு. நான் பார்த்தே இராத செடி.

"இது கமேலியா. தேயிலைச் செடிக்குச் சொந்தம்," என்றார் மேடம். "பூ ரோஜா மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். வாசனை இருக்காது. எங்கம்மா வச்ச செடி. அம்மா போய்ட்டாங்க, வீட்டையும் வித்துட்டோம். இத மட்டும் விட்டுட்டு வர மனசு வரல."

எங்கள் தோட்டத்து ஆபீசர் பக்கத்தில் நின்றார். நல்ல படிப்பு படித்தவர். குடியிருப்பில் இன்று நீங்கள் நிழலுக்கு ஒதுங்கும் மரங்களில் பாதி அவர் வைத்தவை. ஒரே குறை, அவரை யாரும் மறுத்துப் பேசக் கூடாது. "கவலைப்படாதீங்க மேடம், பொங்கலுக்குப் பூத்துரும்," என்று சொல்லிவிட்டு, "செல்வராணி, இது உன் பொறுப்பு," என்று என் பக்கம் திரும்பினார்.

பங்களாவின் முன்பக்கம், நாலு பேர் பார்க்கும் இடத்தில், வரிசையாக ஆறையும் நட்டோம். பத்து நாள் நன்றாக இருந்தன. பிறகு ஒரு காலையில் தரையெல்லாம் மொட்டு. விரியாமலே, பச்சையாகவே உதிர்ந்து கிடந்தது. மேடம் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு உள்ளே எடுத்துப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு மனசு லேசாகியிருக்கும்.

அடுத்து இலை தொங்கியது. இங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன். அது முழுக்க என் தப்பு, வேறு யாருக்கும் அதில் பங்கில்லை. குளிர்நாட்டுச் செடி, நம் ஊர் வெயிலில் தாகத்தில் வாடுகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஓஸ் பைப்பைப் போட்டு நிறைய விட்டேன். தண்ணீர் விட விட இலை இன்னும் தொங்கியது. இன்னும் தாகம் போல என்று இன்னும் விட்டேன். மூன்றாவது வாரம் ஓரத்தில் இருந்த செடி ஒரேயடியாகக் காய்ந்து போனது.

மீதிச் செடிகளின் இளம் இலைகள் வெளுத்தன. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். ஆபீசர் வந்து பார்த்தார். "சத்து இல்ல. நல்லா உரம் வையி," என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு தயக்கம் இருந்தது. உடம்பு சரியில்லாதவனுக்கு விருந்து வைக்கிறோமே என்று. ஆனால் வாயைத் திறக்கவில்லை. சொன்ன அளவு உரத்தை வைத்தேன். ஒரே வாரத்தில் இரண்டாவது செடியின் இலைகள் ஓரத்திலிருந்து கருகிச் சுருண்டு கொட்டின. இரண்டு போயிற்று. நாலு மிச்சம்.

தப்பு என்று தெரியாமல் செய்தது முதல் செடி. தப்பாக இருக்குமோ என்று தோன்றியும் பேசாமல் செய்தது இரண்டாவது செடி. இந்த இரண்டில் எது பெரிய தப்பு என்று இன்றைக்கு என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

மறுநாள் காலையில் என்னைப் பங்களா வாசலுக்குக் கூப்பிட்டார்கள். மேடம், ஆபீசர், எங்கள் கான்ட்ராக்ட் மேஸ்திரி மூவரும் நின்றார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"ஆளுங்க சரியா கவனிக்கல மேடம்," என்றார் ஆபீசர். "சொன்னத சொன்னபடி செய்யறதில்ல. வேற ஆள் போட்டுடறேன்."

மேஸ்திரி என் பக்கம் திரும்பி, "நாளையிலேர்ந்து நீ இந்தப் பக்கம் வராத. கிரஷர் பக்கம் கூட்டுற வேலைக்குப் போயிரு," என்றார். கல் உடைக்கும் கிரஷர் பக்கம் போவது என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அங்கே போனவர்கள் நிரந்தரப் பட்டியலில் வருவது கிடையாது.

மேடம் அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க சொல்லுங்க. ஏன் சாகுது?"

எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. வெயில் என்று சொல்லலாம். சார் சொன்ன உரத்தைத்தான் வைத்தேன் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. இல்லை, அழலாம்.

"தெரியலைங்க மேடம்," என்றேன்.

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

"தண்ணி அதிகமா ஊத்துனது என் தப்பு. அது எனக்கே தெரியுது. ஆனா அது மட்டுந்தானான்னு தெரியல. மேல பாத்தா தெரியாதுங்க. மிச்சம் இருக்குறதுல ஒண்ணத் தோண்டி வேரப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

"உசிரோட இருக்குற செடியவா?" என்றார் ஆபீசர்.

"ஆமாங்க சார். செத்துப்போனதுல எல்லாம் மக்கிப் போயிருக்கும். எதனால செத்துச்சுன்னு காட்டாது."

மேடம் அந்த நாலு செடிகளையும் பார்த்தார். அவர் அம்மா கையால் வைத்தவை. அதில் ஒன்றைப் பிடுங்குவதற்கு, களை பறிக்கிற பெண் ஒருத்தி அனுமதி கேட்கிறாள். "சரி, தோண்டுங்க," என்றார்.

கடப்பாரை எடுக்கவில்லை. கையாலும் சின்னக் கொத்தாலும்தான் மண்ணை எடுத்தேன். நான் வேலை செய்த நாட்களில் அவ்வளவு நிதானமாக வேறெந்த வேலையும் செய்ததில்லை. செடியை அப்படியே சாய்த்து வெளியே எடுத்தபோது மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். குன்னூரிலிருந்து வந்த மண்ணுருண்டை கறுப்பாக, அப்படியே தனியாக நின்றது. ஒரு வேர்கூட அதைத் தாண்டி நம் மண்ணுக்குள் போகவில்லை. உருண்டைக்கு அடியில் களிமண் குழியில் தண்ணீர் தேங்கி நாறியது. கீழ் வேரெல்லாம் அழுகல். அது நான் ஊற்றிய தண்ணீர். ஆனால் உருண்டையின் மேலே, தண்ணீர் தேங்காத இடத்தில், வேர் நன்றாகத்தான் இருந்தது. அங்கே மண்ணின் மேல் வெள்ளையாக, உப்புப் பூத்தது போல ஒரு படை. அதை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

"இது என்ன?" என்றார் மேடம்.

"இதையும் தெரிஞ்சுகிட்டுச் சொல்றேங்க. எனக்குப் பத்து நாள் குடுங்க. அதுவரைக்கும் யாரும் இந்த நாலுக்கும் ஒண்ணும் பண்ண வேணாம். தண்ணியும் வேணாம், உரமும் வேணாம்."

ஆபீசர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் முந்திக்கொண்டு, "பத்து நாள். இவங்களே பாக்கட்டும்," என்றார்.

குழித் தண்ணீரை இறைத்துவிட்டுச் செடியை அதிலேயே திரும்ப வைத்தேன்; அந்த வெள்ளைப் படையை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு நேராக ஆலையின் லேபுக்குப் போனேன். அங்கே இருந்த கெமிஸ்ட்டை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஆலையில் எங்களைப் போன்றவர்களை உட்காரச் சொல்லும் ஒரே மனிதர். அவரிடம்தான் நான் வேலை கற்றேன் என்று நான் சொன்னால் ஆலைக்காரர்கள் சிரிப்பார்கள். அவருக்கு ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் வித்தியாசம் தெரியாது.

"மாஷா அல்லா, செல்வராணிம்மா, மண்ணு டெஸ்ட் பண்ண நம்மகிட்டயா வந்தீங்க?" என்று சிரித்துக்கொண்டே ஒரு சொட்டு அமிலத்தை அந்த வெள்ளைத் தூள் மேல் விட்டார். புஸ்ஸென்று நுரைத்தது. பங்களா மண்ணைக் கொண்டுவரச் சொல்லி அதன் மேலும் விட்டார். அதுவும் நுரைத்தது. பிறகு ஒரு பாட்டிலில் எங்கள் போர்வெல் தண்ணீரைப் பிடித்து ஏதேதோ கலந்து பார்த்தார்.

"சுண்ணாம்பு," என்றார். "இங்க நாம எதத் தோண்டி எடுத்துச் சிமெண்ட் பண்றோம்? சுண்ணாம்புக் கல்லு. அது மேல நின்னுகிட்டு, அதுக்குள்ளேர்ந்து வர்ற தண்ணிய எடுத்து, தெனம் ரெண்டு வேள செடிக்கு ஊத்துறீங்க. தேயிலைக்கு உறவுன்னு சொல்றீங்களே, தேயிலை சுண்ணாம்பு மண்ணுல எங்கயாச்சும் வளருதா?"

எனக்கு உறைத்தது. என் வீட்டு அடுப்பில் வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்ளே படியும் வெள்ளை, குழாயடியில் காயும் வெள்ளை, எல்லாம் கண் முன்னால் வந்தது. இன்னொன்றும் வந்தது. குடியிருப்பு முழுக்க இட்லிப்பூ வேலி வைத்திருந்தோம். அதன் இலை எப்போதும் மஞ்சளாகத்தான் இருக்கும். பதினாலு வருஷமாக நாங்கள் அதை அந்தச் செடியின் நிறம் என்றே நினைத்திருந்தோம்! மண்ணில் சத்து இருந்தும் சுண்ணாம்பு அதை வேர் எடுக்க விடாமல் கட்டிப் போட்டிருக்கிறது. பட்டினி கிடக்கும் செடியைப் பார்த்து, அது பிறவியிலேயே ஒல்லி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"மண்ண மாத்திடலாங்க பாய்," என்றேன். "எங்க ஊர்ல செம்மண்ணு. முந்திரி நல்லா வரும்."

"எடுத்துட்டு வாங்க, பாத்துருவோம். மண்ண மாத்தலாம். தண்ணிய எப்படி மாத்துவீங்க?"

மழை வர இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது.

அடுத்த நாள் ஆண்டிமடம் போய், முந்திரித் தோப்புக்காரரிடம் கேட்டு, இரண்டு சாக்கில் செம்மண்ணும் ஒரு சாக்கில் மரத்தடியில் மக்கிக் கிடந்த முந்திரிச் சருகும் அள்ளினேன். பஸ்ஸில் ஏற்றியபோது கண்டக்டர் சாக்கை உதைத்துப் பார்த்தார்.

"என்னக்கா, முந்திரியா?"

"மண்ணு தம்பி."

"மண்ணா? அரியலூர்ல மண்ணு இல்லியா?"

"இருக்கு. செடிக்குப் புடிக்கலையாம்."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் செம்மண்ணின் மேல் பாய் அமிலத்தை விட்டபோது நுரை வரவில்லை. மண் அமைதியாக அதைக் குடித்துக்கொண்டது. அந்த இடத்தில் எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்ல முடியாது. எங்கள் அப்பா அம்மா கூலிக்கு மிதித்த மண், ஜெனரல் மேனேஜர் பங்களாவின் மண்ணைவிட உசத்தி என்று லேப் சொல்லிவிட்டது.

தண்ணீரைக் கண்டுபிடித்ததும் அந்த லேபில்தான். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது சுவரோரம் பார்த்தேன். ஆலை வளாகத்தில் தரை எங்கும் சாம்பல் வெள்ளைதான். அந்த ஒரு இடத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குப் பச்சைப் பாசி. மேலே லேபின் ஏசி பைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே ஓடினேன்.

"பாய், ஏசித் தண்ணி எங்கேர்ந்து வருதுங்க?"

அவர் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார். "காத்துலேர்ந்து வருது," என்று மெதுவாகச் சொன்னார். "மழை மாதிரிதான்." பிறகு அவரே ஒரு குவளையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பிடித்தார். சோதித்துப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பே இல்லம்மா!" என்று குழந்தை போலக் கத்தினார்.

விருந்தினர் விடுதியின் ஏசி பைப்புகளுக்கு அடியில் நான் பிளாஸ்டிக் டிரம் வைத்ததைப் பார்த்து முதலில் எல்லாரும் கேலி செய்தார்கள். நாலு செடிகளையும் தரையிலிருந்து எடுத்தேன். அழுகிய வேரை வெட்டி, அடியில் தாராளமாக ஓட்டை போட்ட பெரிய தொட்டிகளில், செம்மண்ணும் முந்திரிச் சருகும் கழுவிய தேங்காய் நார்த்தூளும் கலந்து வைத்தேன். நாலு பேர் பார்க்கும் முன்பக்கத்திலிருந்து நகர்த்தி, வடக்குப் பக்க வராண்டா நிழலுக்குக் கொண்டுபோனேன். மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்த மொட்டுகளை மேடத்திடம் கேட்டுவிட்டுக் கிள்ளினேன். வேரே இல்லாத செடி பூவைச் சுமக்கக் கூடாது. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்தால் மட்டும் ஏசித் தண்ணீர். பூவாளியால் இலைமேல் படிந்த சிமென்ட் தூசியைக் கழுவுவதற்கும் அதே தண்ணீர். பத்தாவது நாள் மேடத்திடம் போய், என்ன கண்டுபிடித்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஏப்ரலில் நாலிலும் புதுத் துளிர். நரம்பும் நடுவும் ஒரே பச்சை.

ஆபீசர் வந்து பார்த்தார். அன்று சாயங்காலம் இட்லிப்பூ வேலிக்குப் பக்கத்தில் தனியாக நின்று, ஒரு மஞ்சள் இலையைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மே மாதம் வந்தது. நம் ஊர் மேமாசக் காற்று உங்களுக்குத் தெரியும், உதட்டை வெடிக்க வைக்கும். காற்றில் ஈரம் இல்லாததால் ஏசி பைப்பும் வற்றத் தொடங்கியது. முன்பு நிரம்பி வழிந்த டிரம்மில் இப்போது கால் பங்குகூடச் சேரவில்லை. செடிகளுக்கோ இப்போதுதான் தாகம் கூடுதல். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு செடிக்குத்தான் தண்ணீர் இருக்கிறது. நாலுக்கும் பங்கிட்டால் நாலும் அரைப் பட்டினியில் போகும். போர்வெல் தண்ணீரைக் கலந்தால் பழைய கதை திரும்பும்.

எது இரண்டைக் காப்பாற்றுவது, எது இரண்டை விடுவது என்று ஒரு நாள் முழுக்க அந்த வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு விட மனசு வரவில்லை. என் மண்ணில் என் தண்ணீரில் துளிர்த்த செடிகள். நாலும் என் கையால் பிழைத்தவை என்ற பெருமையும் இருந்தது, ஒளிப்பானேன். அந்தப் பெருமைதான் என்னைத் தடுக்கிறது என்று புரிந்ததும் எழுந்து மேடத்திடம் போனேன்.

"மேடம், ரெண்டு செடிய மலைக்கே திருப்பி அனுப்பிடுங்க."

அவர் முகம் மாறியது. "அங்க யாரு இருக்கா? வீடே இல்லன்னு சொன்னேன்ல?"

"ஒங்க அக்கா கோத்தகிரியில இருக்காங்கன்னு சொன்னீங்களே."

"நான் இதக் காப்பாத்தத்தான் சொன்னேன் செல்வராணி. அனுப்பச் சொல்லல."

"காப்பாத்துறதுக்குத்தாங்க சொல்றேன்." சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். "நாலையும் இங்கயே வச்சுப் பாக்கலாம். ஒண்ணொண்ணா போவும். ஒவ்வொண்ணா போறதப் பாக்க ஒங்களால முடியாது. என்னாலயும் முடியாது. அங்க போனா அது அது பாட்டுக்கு வளரும். இங்க ரெண்டு இருக்கட்டும். அதுவும் உசிரோட இருக்கும்னுதான் சொல்றேன், பூக்கும்னு சொல்லல."

"பூக்காதா?"

"குளிரு வேணுங்க. குளிர எங்கேர்ந்து நான் கொண்டாருவேன்?"

மேடம் உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மறுநாள் சாப்பிடும்போது என்னோடு வேலை செய்யும் பெண்கள் எல்லாம், "ஒனக்கு வாய் கொஞ்சம் நீளந்தான்டி, நெரந்தரம் ஆவப்போற நேரத்துல," என்றார்கள். நானும் பயந்துதான் போனேன். மூன்றாம் நாள் காலை பங்களா வாசலில் வேன் நின்றது. நல்ல வலுவான இரண்டு செடிகளாகப் பார்த்து நானே ஏற்றிக் கொடுத்தேன். நோஞ்சானை அனுப்பிவிட்டு நல்லதை இங்கே வைத்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் நோஞ்சான் அவ்வளவு தூரம் தாங்காது. நல்லதுதான் போக வேண்டும். மேடம் தொட்டி ஆடாமல் இருக்கத் தன் வீட்டுத் தலையணைகளைக் கொண்டுவந்து அண்டை கொடுத்தார்.

அந்தக் கோடையை இரண்டு செடிகளும் தாண்டின. ஐப்பசி மழையில் விடுதிக் கூரைத் தண்ணீரை டிரம் டிரம்மாகப் பிடித்தோம். இப்போது கேலி செய்ய யாரும் இல்லை, ஆபீசரே இரண்டு டிரம் வாங்கிக் கொடுத்திருந்தார். கார்த்திகையில் ஒரு செடியில் ஏழு மொட்டு வைத்தது. ஆறைக் கிள்ளிவிட்டு ஒன்றை விட்டேன். மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார், ஏன் என்று கேட்கவில்லை.

மார்கழி கடைசி. நம் ஊரில் விடியற்காலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு டீக்கடைக்குப் போவோமே, அந்த நாலு நாள் குளிர். அதில் ஒரு காலையில் நான் போனபோது மொட்டு விரிந்திருந்தது. இளஞ்சிவப்பு, அடுக்கடுக்காக, ஒரு பக்கம் இதழ் கொஞ்சம் பழுத்து, உள்ளங்கை அகலம்கூட இல்லை. குன்னூரில் அதைப் பூ என்றே மதிக்க மாட்டார்கள். மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் செருப்பில்லாமல் வந்து, வராண்டாத் தரையில் அந்தத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பிறகு போனை எடுத்து அக்கா அனுப்பியிருந்த படத்தைக் காட்டினார். கோத்தகிரியில் அந்த இரண்டு செடியும் இலை தெரியாமல் பூத்துக் குலுங்கின.

"அங்க அத்தன பூ," என்றார். "ஆனா இங்க பூத்த இதத்தான் எல்லாருக்கும் அனுப்பப் போறேன்."

நிரந்தரப் பட்டியல் அந்தத் தை மாதம் மேலிடத்துக்குப் போயிற்று. ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம். அதை நிரப்ப வேண்டியவர் எங்கள் ஆபீசர். என்னை அறைக்குக் கூப்பிட்டு, "கையெழுத்துப் போடு," என்று நீட்டினார். அப்போதெல்லாம் நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் அவசரப்படாமல் மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பெயர், ஊர், வயது. கல்வித் தகுதி என்ற இடத்தில் எட்டாம் வகுப்பு. அதற்குக் கீழே சிறப்புத் தகுதி என்று ஒரு கட்டம். மேஜையில் பரப்பியிருந்த மற்றவர்கள் படிவத்தில் எல்லாம் அங்கே ஒரு கோடு கிழித்திருந்தார். என்னுடையதில் மட்டும், ஒருவரும் மறுத்துப் பேசக் கூடாத அந்த மனிதர், தன் அழகான கையெழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்:

"தெரியாதபோது தெரியாது என்று சொல்வார். பிறகு கண்டுபிடிக்காமல் விடமாட்டார்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "என்ன, எழுத்து ஏதும் தப்பா இருக்கா?" என்றார்.

"இல்லைங்க சார். சரியா இருக்கு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.